முதல் விளக்கத்துக்கு முந்திய விளக்கம்

கோட்டு வாசலை மிதிக்காமல், ஒரு சாட்சியின் முகத்தைக்கூடப் பாராமல், கொலை வழக்கொன்றை அடியிலிருந்து நுனிவரை விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிடக்கூடிய ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. நீங்கள் கண்டிருப்பீர்கள். கண்டுபிடிப்பது சுலபம். தொண்டையைச் செருமுவார்கள். சுற்றிவரப் பார்ப்பார்கள். "நான் சொல்லக்கூடாது, ஆனாலும்..." என்பார்கள். அந்த 'ஆனாலும்' வந்துவிட்டதோ, அடுத்த அரை மணித்தியாலத்துக்கு உங்களுக்குப் பிணை கிடையாது.

தண்ணீரூற்றுக் கிராமத்தில் இந்த இனத்துக்குத் தலைமை தாங்கியவர் கனகலிங்கம். குடாநாட்டிலிருந்து வந்து வயல் செய்தவர். சட்டம் எங்கே படித்தார் என்று கேட்கிறீர்களா? யாழ்ப்பாணத்தில் வழக்குப் பேசும் ஒரு பிறக்கிராசியார் வீட்டுக்கு அடுத்த வளவில் ஏழு வருஷம் குடியிருந்திருக்கிறார். இடையில் ஒரு கிடுகு வேலி மட்டுந்தான். சட்டம் அந்த வேலிக்குள்ளால் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பொழுதுபடுகிற நேரம், ஏரம்பு என்ற கமக்காரர் தன் வயல் வரம்பில் துவக்குச் சூடு பட்டு இறந்து கிடந்தார். அதற்கு முந்தின கிழமைதான் அவருக்கும் பக்கத்து வயல் பாலனுக்கும் வாய்க்கால் தண்ணீருக்காகப் பெரிய வாய்த்தர்க்கம் நடந்திருந்தது. பொலிசார் பாலனைக் கொண்டுபோனார்கள். "சூடு விழுந்த நேரம் நான் மாங்குளத்திலயிருந்து பஸ்ஸில வந்துகொண்டிருந்தனான்" என்றான் பாலன். எழுதிக்கொண்டார்கள். நம்பவில்லை.

பங்குனியில் முல்லைத்தீவுக் கோட்டில் முதல் விளக்கம் என்று நாள் குறித்தார்கள். வழக்கைப் பெரிய கோட்டுக்கு அனுப்பப் போதுமான சாட்சியம் இருக்கிறதா என்று நீதவான் பார்க்கும் விசாரணை அது. அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு அது கோயில் கொடியேற்றம் மாதிரி. விளைந்த நெல்லின் அருவி வெட்டு தள்ளிப்போனது. யார் யாரோடு பஸ்ஸில் போவது, கோட்டுக்கு முன்னால் எந்த நிழலில் பாய் விரிப்பது, கட்டுச்சோற்றுக்குப் புளி அதிகமாகவா அளவாகவா என்றெல்லாம் வீட்டுக்கு வீடு மந்திராலோசனை. செத்தவரைப் பற்றி யாராவது பேசினார்களா? ஓம், பேசினார்கள். குண்டு எந்தப் பக்கத்தால் போனதென்று.

இத்தனைக்கும் நடுநாயகமாக மயில்வாகனத்தின் தேத்தண்ணிக் கடை மரவாங்கில் கனகலிங்கம் வீற்றிருந்தார். முதல் கிழமை பாலனைத் தூக்கில் போட்டார். துவக்கை எங்கே மறைத்தான், எந்த வரம்பால் ஓடினான், ஓடும்போது எந்தக் காலில் முள்ளுக் குத்தியது என்பதுவரை சொன்னார். ஊர் வாயைப் பிளந்து கேட்டது. ஆனால் இரண்டாம் கிழமையில் ஒரு கஷ்டம் வந்துவிட்டது. அந்தக் கதை எல்லார் வாயிலும் ஏறிவிட்டது. எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லக் கனகலிங்கம் எதற்கு?

ஆகவே ஒரு புதன்கிழமை தொண்டையைச் செருமினார்.

"நான் சொல்லக்கூடாது, ஆனாலும்... பாலன் சுடேல்லை."

மயில்வாகனம் தேத்தண்ணி ஆற்றிய கையை அந்தரத்தில் நிறுத்தினார். "அதெப்பிடி அண்ணை அவ்வளவு உறுதியாச் சொல்லுறியள்?"

கடை முழுவதும் அவரையே பார்த்தது. அப்படிப் பார்க்கும்போது மனிதனுக்கு என்னவோ செய்துவிடுகிறது. கனகலிங்கத்தின் வாயிலிருந்து, அவரே எதிர்பாராமல், ஒரு சொல் வழுக்கி விழுந்தது.

"கண்டனான்."

"ஆரை?"

"பாலனைத்தான். அந்த நேரம் மாங்குளத்து பஸ்ஸில நான் இந்தப் பக்கத்து ஆசனம், அவன் அந்தப் பக்கம். கையில ஒரு பையும் வைச்சிருந்தவன்."

உண்மை என்ன தெரியுமா? அந்த வெள்ளிக்கிழமை மாலை கனகலிங்கம் பல்லுக்கொதியோடு, வீங்கின கன்னத்தில் உப்பு ஒத்தணம் வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். வாழ்நாளிலேயே அவர் வாய் திறவாமல் இருந்த ஒரே மாலை அதுதான் என்று அவருடைய மனைவி பத்மாசனி பிற்காலத்தில் பெருமூச்சோடு நினைவுகூர்வதுண்டு.

ஆனால் அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவருக்கு வந்த மதிப்பைச் சொல்ல வேண்டுமே! வாங்கின் நடுவிடம் அவருக்கென்று ஒதுங்கியது. முள்ளியவளையிலிருந்து ஆட்கள் சைக்கிளில் வந்து கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பைக்குள் ஒரு சாமான் கூடியது. அவரும் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இந்த இனத்துக்கு அது சகஜம்.

விளக்கத்துக்கு மூன்று நாள் இருக்கையில், பின்னேரம் படலை திறந்தது. வந்தவள் நேசமலர், பாலனின் தமக்கை. வெய்யிலில் நடந்து வந்த முகம், ஆனாலும் சிரித்தபடி வந்தாள். கும்பிட்டாள். கதிரையில் இருக்கச் சொன்னாலும் நுனியில்தான் இருந்தாள்.

"அண்ணை, நீங்கள் தம்பியைக் கண்டதெண்டு சொன்னியளாம். நேற்றுத்தான் என்ரை காதில விழுந்தது. ராத்திரித்தான் நான் ஒழுங்கா நித்திரை கொண்டனான்."

கனகலிங்கம் தொண்டையைச் செருமினார். 'ஆனாலும்' வரவில்லை.

"எங்கடை பிறக்கிராசியாரிட்டையும் சொல்லிப்போட்டன். அவர் உங்களைச் சாட்சிக் கூட்டிலை ஏத்திச் சத்தியம் செய்விக்க வேணுமாம். எல்லா இடமும் ஆள் தேடித் திரிஞ்சனான் அண்ணை. இனித் தேடத் தேவையில்லைத்தானே?"

குசினிக்குள் பத்மாசனியின் சிரட்டை அகப்பைச் சத்தம் நின்றுவிட்டது. அது நின்றதை அவர் நன்றாகக் கேட்டார்.

"பிள்ளை... கண்டதெண்டால்... கண்டமாதிரித்தான்."

"மாதிரி எண்டால் அண்ணை?"

எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணை செய்த மனிதர். இப்போது கேள்வி அவர் பக்கம் திரும்பியிருந்தது. ஓம் என்று சொல்லலாம். ஒரு சொல். ஊர் மெச்சும், இந்தப் பெண் காலில் விழுவாள், வாங்கின் நடுவிடமும் நிலைக்கும். பிறகு அரச தரப்பு எழும்பி, எந்த பஸ், எத்தனை மணி, எதற்காக மாங்குளம் போனீர் என்று கேட்கும். தன்னுடைய பொய் உடையும்போது பாலனுடைய உண்மையும் சேர்ந்து உடைந்துவிடும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வேலிக்குள்ளால் வந்த சட்டம் கடைசியில் அந்த அளவுக்காவது உதவியது.

"நான் காணேல்லை, பிள்ளை. அண்டைக்கு நான் வீட்டை கிடந்தனான். கடையிலை சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான்."

அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. சிரிப்பு மட்டும் மெல்ல வடிந்தது. பத்மாசனி கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தாள். செம்பைக் கீழே வைத்தாள்.

"இப்பவாவது சொன்னியளே அண்ணை. நான் போட்டு வாறன். மாங்குளம் பஸ் இனியும் ஒண்டு இருக்கு."

விளக்கத்தன்று ஊரே முல்லைத்தீவில் திரண்டது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மயில்வாகனம் உரத்துக் கூப்பிட்டார்: "சாட்சியாருக்கு வழி விடுங்கோ! என்ன அண்ணை, எத்தினை மணிக்குக் கூட்டிலை ஏறுறியள்?"

கனகலிங்கம் நின்றார். நாற்பது முகங்கள் திரும்பின. முன்னொரு நாள் அதே பார்வைதான் அவரை வழுக்கவைத்தது.

"நான் ஒண்டும் காணேல்லை. பல்லுக்கொதியோடை வீட்டை படுத்திருந்தனான்."

எழுந்த சிரிப்பில் கோட்டு முகட்டுக் காகங்கள் பறந்தன. அன்றிலிருந்து மூன்று மாதம் அவருக்கு ஊரில் பெயர் பல்லுக்கொதியார்.

விளக்கம் எவ்வளவு நேரம் நடந்தது என்கிறீர்கள்? நாலு நிமிஷம். பொலிசாரின் பத்திரங்கள் ஆயத்தமில்லையாம். நீதவான் ஏதோ எழுதினார், இரண்டு கிழமைக்குத் தவணை போட்டார், பாலனை உள்ளே கொண்டுபோனார்கள். ஊர் கொதித்துப்போனது. இதென்ன அநியாயம்! ஒருவரும் அழவில்லை, ஒருவரும் மயங்கி விழவில்லை, துவக்கைக்கூடக் காட்டவில்லை. ஏரம்புவுக்கு நடந்த அநியாயத்தைவிடத் தங்களுக்கு நடந்ததுதான் பெரிதென்று பேசிக்கொண்டே கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள். விறாந்தை மூலையில் ஏரம்புவின் பெண்சாதி அருந்ததி தனியே இருந்தா. கனகலிங்கம் தன் சோற்றுப் பொதியை அவாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பேசத் தெரியாதவர்போலத் திரும்பி வந்தார்.

அந்த இரண்டு கிழமையும் நேசமலர் மாங்குளம் பஸ்கள் அத்தனையிலும் ஏறி இறங்கினாள். பதினோராம் நாள் ஆள் அகப்பட்டார். தோமஸ் என்ற கொண்டக்டர், முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். பாலனின் படத்தைப் பார்த்ததுமே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவனை மறப்பனோ? கலப்பைக் கொழுவைப் பைக்குள்ளை நீட்டிக்கொண்டு வந்து என்ரை புதுக் காற்சட்டையைக் கிழிச்சவன்! வெள்ளிக்கிழமை, பொழுதுபடேக்கை, ஒட்டுசுட்டானிலை. கிழிச்சல் விழுந்தது எத்தினை மணியெண்டு பஸ் புத்தகத்திலையே எழுதி வைச்சிருக்கிறன்."

அடுத்த தவணையில் தோமஸ் புத்தகத்தோடும் காற்சட்டையோடும் கூட்டில் ஏறினார். பல மைல் தள்ளி ஒட்டுசுட்டானிலிருந்தவன் அதே நேரம் தண்ணீரூற்று வயலில் சுட்டிருக்க முடியாது. பாலன் விடுதலையானான். வெளியே வந்தவன் தமக்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நெடுநேரம் நின்றான்.

கனகலிங்கம் திருந்திவிட்டாரா? ஏன் அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கிறீர்கள்? அன்று திரும்பும் பஸ்ஸில் முள்ளியவளை வரைக்கும் பேசாமல் வந்தார். அதற்குமேல் முடியவில்லை. "தீர்ப்புச் சொல்லேக்கை நீதவான் பேனையை மூடின விதத்தைக் கவனிச்சனியளே?" என்றார். ஆனால் 'கண்டனான்' என்ற சொல் மட்டும் அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை. மாடு வேலி பாய்ந்ததைத் தன் கண்ணால் பார்த்தாலும், "பாய்ஞ்சதாம்" என்றுதான் சொல்வார்.

கதை இவ்வளவுதான். பாலன் வீடு வந்தான், நேசமலர் நித்திரை கொண்டாள், கனகலிங்கத்தின் பல்லைப் பிடுங்கியாயிற்று. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் இன்னும் ஏதோ உறுத்துவதுபோல இருக்கிறதே? பாலன் இல்லையென்றால் பிறகு யார் என்று யோசிக்கிறீர்கள். வாய்க்காலின் மற்றப் பக்கத்து வயல் யாருடையது என்று கேட்கலாமா என்று பார்க்கிறீர்கள். ஆளைக்கூட அனேகமாகத் தீர்மானித்துவிட்டீர்கள், இல்லையா?

தொண்டையைச் செருமாதீர்கள்.