எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட சேர்வர்

கற்பனை வளம் இல்லாதவர்கள் பொய்யான நோயாளிகளைத் தயாரிக்கும் வேலைக்குப் போகக் கூடாது. நான் போனேன். பலனை அனுபவித்தவர் என் அத்தான்.

யுத்த காலம். எனக்கு இருபத்தைந்து வயது. கொழும்பு வெள்ளவத்தையில் அக்கா, அத்தானின் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் தங்கி, கொள்ளுப்பிட்டியில் ஒரு சின்னக் கணினிக் கம்பனிக்கு வேலைக்குப் போய்வந்தேன். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நாங்கள் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். நோயாளிகளைப் பதியும் கணினி, ஆளின் பெயர், வயது, இரத்த வகை எல்லாவற்றையும் இரத்தப் பரிசோதனைப் பகுதிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து ரிப்போர்ட் திரும்பி வர வேண்டும். உண்மையான ஆஸ்பத்திரியோடு இணைத்து விளையாட யாரும் விடமாட்டார்கள். ஆகவே, ஆஸ்பத்திரி போல நடிக்கிற ஒரு சின்னச் சேர்வரை நான் எழுதினேன். எந்தப் பழைய கணினிப் பெட்டியிலும் ஓடும். வருகிற தகவலை வாங்கி, ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் பதில் சொல்லும். அதற்கு வேறு வேலை இல்லை. (அதற்கே நான் நடந்த நடையைப் பார்த்தால், சந்திரனுக்கு ஆள் அனுப்பியவள் என்று நினைத்திருப்பீர்கள்.)

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்காரர் பார்க்க வருகிறார்கள். அதற்குமுன் சேர்வர் மூன்று நாள் நிற்காமல் ஓடிக் காட்ட வேண்டும் என்றார் முதலாளி. சனி ஞாயிறில் கம்பனிக் கந்தோருக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால், பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். வெள்ளிக்கிழமை அதை ஓட்டோவில் ஏற்றி, இரண்டு சோதனைச் சாவடிகளில் இறக்கித் திறந்து காட்டி, மறுபடி ஏற்றி, மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வந்த பிறகுதான் நோயாளிகள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. பெயர், வயது, விலாசம், அடையாள அட்டை இலக்கத்தோடு நூறு பேரையாவது உருவாக்க வேண்டும். ஏழாவது ஆளோடு என் கற்பனை வற்றிவிட்டது. அப்போதெல்லாம் தமிழர் வீட்டில் இருப்பவர்களின் விவரத்தைப் பொலிஸில் பதிந்து வைக்க வேண்டும். எங்கள் கட்டடத்துக்கு அந்தப் பத்திரங்களை நிரப்பிக் கொடுப்பவர் அத்தான். அவருடைய மேசையில் நாலு மாடி ஆட்களின் விவரமும் பிரதியாக இருந்தது. நான் அதை அப்படியே தட்டிப் போட்டு, ஆளுக்கொரு இரத்த வகையும் கொடுத்தேன்.

அந்த மூன்று நாளும் எனக்கு எதிரி வெளியே இல்லை, அக்காதான். ஹோலில் இருந்தது ஒரே ஒரு பிளக். சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்தால், சேர்வர் செத்துக் கிடக்கிறது, அதன் இடத்தில் ரைஸ் குக்கர் கொதிக்கிறது. கேட்டதற்கு, “உந்தக் கோதாரிப் பெட்டி பசிக்குச் சோறு போடுமே?” என்றாள். முதலில் இருந்து தொடங்கினேன். பின்னேரம் அத்தானின் சேட்டுக்கு அயர்ன் பண்ணக் கழற்றினாள். மறுபடி தொடங்கினேன். பிறகு பிளக்கைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டி, சாப்பாட்டுக் கோப்பையோடு பக்கத்திலேயே குந்திக்கொண்டேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சுற்றிவளைப்பு. அது புதிதில்லை. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்போம், பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் அன்று வீட்டுக்குள் வந்த கான்ஸ்டபிள் கணினித் திரையின் முன்னால் நின்றுவிட்டார். நிமிடத்துக்கு ஒரு பெயர் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே என் சேர்வர் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று மகிழ்ச்சியோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

இன்ஸ்பெக்டர் நடுத்தர வயது, அமைதியான மனிதர். அதுதான் பயமாக இருந்தது. இந்த விவரங்களை யார் அனுப்புகிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றேன். யார் வாங்குகிறார்கள் என்றார். அதுவும் நான்தான் என்றேன். எங்கிருந்து எங்கே என்று கேட்டதற்கு, இந்தப் பெட்டியிலிருந்து இந்தப் பெட்டிக்கே என்றேன். (உண்மை இவ்வளவு கேவலமாகக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.)

இத்தனை தமிழரின் இரத்த வகையும் எதற்கு என்பது அடுத்த கேள்வி. அந்தக் காலத்தில் அதற்கு, காயப்பட்ட புலிகளுக்கு இரத்தம் சேர்க்கிறாயா என்று அர்த்தம் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். இவர்கள் யாரும் உண்மையான ஆட்கள் இல்லை, பொய் ஆட்கள் என்று அவசரமாகச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். “சிவபாலன்” என்று மெதுவாக வாசித்தார். அத்தான் பொய் ஆள்போல் நிற்க முயற்சி செய்தார். முடியவில்லை.

அத்தான் என் பக்கம் திரும்பிக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “பிள்ளை, ஊரில இவ்வளவு பேர் இருக்க, என்னை ஏன் உதுக்குள்ள போட்டனீ?”

என்னையும் அத்தானையும் பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பெட்டியையும் தூக்கச் சொன்னார்கள். அப்படிப் போனவர்கள் மாதக்கணக்கில் திரும்பாத கதைகள் எங்கள் கட்டடத்திலேயே இருந்தன. இது பொய் என்று காட்ட ஏதாவது இருக்கிறதா என்று திரையை மேலும் கீழும் ஓட்டினேன். அத்தானின் ரிப்போர்ட் வந்து நின்றது. ஆண், நாற்பத்து நான்கு வயது, கர்ப்பப் பரிசோதனை முடிவு: கர்ப்பம் உண்டு.

பிழையான தகவல் வந்தால் சேர்வர் மறுக்கிறதா என்று பார்க்க நானே போட்ட பொறி அது. மறுக்கவில்லை. ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று சொல்லியிருந்தது.

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அத்தானின் வயிற்றைப் பார்த்தார். (அக்காவின் சமையலுக்குச் சாட்சியாக அது எப்போதும் ஒரு அடி முன்னால் நிற்கும்.) முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கேட்டார்: “மாச கீயத, மஹத்தயா?”

எத்தனை மாசம் ஐயா என்று கேட்கிறார். அத்தானுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் பயத்தில், இந்த ஃபிளாட்டில் எத்தனை மாதமாக இருக்கிறீர்கள் என்று கேட்பதாக நினைத்து, பணிவாக “ஒன்பது” என்றார்.

முதலில் கான்ஸ்டபிள் வெடித்துச் சிரித்தார். பிறகு இன்ஸ்பெக்டர் சிரிப்புத் தாங்காமல் கதிரையில் இருந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளியின் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, அங்கேயே அவரோடு கதைத்தார். பத்து நிமிடத்தில் அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். போகும்போது, உண்மை ஆட்களின் பெயரை இனிமேல் பாவிக்காதே தங்கச்சி, எல்லோரும் என்னைப்போல் வாசித்துப் பார்க்கமாட்டார்கள் என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது. தடயத்தை மறைப்பதாக நினைத்து, அக்கா பிளாஸ்டரோடு சேர்த்துப் பிளக்கைப் பிடுங்கியிருந்தாள். எல்லோரும் சிரித்து முடிந்த பிறகு.

சேர்வர் ஏன் நின்றது என்று முதலாளிக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பொலிஸ் என்று எழுதினேன். அவர் அதை வெட்டி, மின்வெட்டு என்று எழுதினார்.

அத்தானுக்கு இப்போது அறுபதுக்கு மேல். எங்கள் சொந்தத்தில் எந்த நாட்டில் யார் பிள்ளைத்தாச்சி ஆனாலும், டொக்டருக்கு அடுத்த தொலைபேசி அழைப்பு அவருக்குத்தான் போகும். அனுபவப்பட்டவரிடம் ஆலோசனை கேட்பதாகச் சொல்வார்கள். முன்பெல்லாம் கோபித்து அக்காவிடம் கொடுத்துவிடுவார். போன மாதம் ரொறன்ரோவிலிருந்து என் அண்ணாவின் மகள் அழைப்பு எடுத்தபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “முதல் மூண்டு மாசமும் கவனம் பிள்ளை. எனக்குப் பொலிஸ் வந்ததால சரியா ஓய்வெடுக்க முடியேல்ல.”