மச்சான் கொடுத்த லேப்டாப்பும் ஏரித் தண்ணீரும்

மரியாதைக்குரிய மச்சான் இளங்கோவன் அவர்களுக்குப் பழவேற்காட்டிலிருந்து வரதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்களும் படகும் சுகம். பொன்னேரியில் தாங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். தாங்கள் கொடுத்த லேப்டாப் மட்டும் சுகமில்லை.

நேற்று அர்ச்சனாவுக்கு லேப்டாப்பிலேயே நேர்காணல். வேலைக்கு எங்கெங்கோ எழுதிப்போட்டு, கடைசியாகக் கூப்பிட்ட கம்பெனி. இதுவும் போனால் எளாவூரில் ஏதாவது கடையில் பில் போடப் போகிறேன் என்று பிள்ளை அழுதாள். தங்கள் லேப்டாப்போ கொஞ்ச நேரம் ஓடினாலே தோசைக்கல்லாகக் காய்ந்து அணைந்துவிடும். பெற்ற மனம் கேட்குமா? படகு இன்ஜின் சூடானால் என்ன செய்கிறோம்? ஏரித் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடுகிறோம். அதைத்தான் செய்தேன். பழைய ஃப்ரிட்ஜின் செம்புக் குழாயை வளைத்து லேப்டாப்பின் அடியில் பொருத்தி, மீன்தொட்டி மோட்டாரை மாட்டி, ஜன்னல் வழியாக டியூபை ஏரியில் போட்டேன்.

"நைனா, பாட்டில்ல பேட்டரித் தண்ணி ஊத்தி, அதையே சுத்த வுட்டா போதும்" என்றாள் அர்ச்சனா.

"இம்மாம் பெரிய ஏரி கீது, பாட்டில் எதுக்கு?" என்றேன்.

குப்பை ஏறாமல் இருக்க டியூப் வாயில் மடவை மீன் பிடிக்கிற வலையையும் கட்டினேன். ஒரு மடவைகூட உள்ளே வரவில்லை. வந்ததெல்லாம் இறால் குஞ்சு.

நேர்காணல் தொடங்கியது. லேப்டாப் சில்லென்று இருந்தது. தங்கள் தங்கை குப்பம்மாவே தொட்டுப் பார்த்துப் பாராட்டினாள். அர்ச்சனா அழகாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் இறால் குஞ்சு குழாயை அடைக்க, டியூப் பிடுங்கிக்கொள்ள, கீபோர்டு முழுக்க ஏரி. கேள்வி கேட்ட அம்மாள் காதில் கடைசியாக விழுந்தது "வுடாத, அமுக்கிப் புடி!" என்ற என் குரல்தான். பிள்ளை போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான்.

ஆனாலும் குற்றம் என்னுடையதல்ல. உப்புத் தண்ணீரைத் தாங்காத பொருளை ஏரிக்கரை வீட்டுக்கு எப்படிக் கொடுத்தீர்கள்? அதைச் செய்த கம்பெனிக்கும் காட்டமாக எழுதப் போகிறேன். பிள்ளையின் பிழைப்பு தங்களால் கெட்டது. நல்லதாக வேறொன்று அனுப்பிவையுங்கள். எப்படியிருந்தாலும் தங்கள் குடும்பம் ஒரு குறையுமில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள்மேல் வருத்தம் இருந்தாலும் பாசம் குறையாத
வரதன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அர்ச்சனா ஓடிவந்தாள். வேலை கிடைத்துவிட்டதாம்! நேற்று வெளியே போனவள் அந்த அம்மாளுக்கே போன் போட்டு, நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறாள். பொருளைத் தம் கையாலேயே கெடுத்துவிட்டுக் கம்பெனிமேல் பழிபோடுகிற ஆட்களிடம் கோபப்படாமல் பேசுகிற வேலையாம். "உங்களுக்குத்தான் வீட்டிலேயே பழக்கம் இருக்கிறதே" என்று அந்த அம்மாள் சிரித்தாராம். நம் வீட்டில் அப்படிப்பட்ட ஆள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். தங்கள் தங்கையாகத்தான் இருக்கும்.