விரல் பூட்டு

காலையில் மற்ற விரல்களெல்லாம் எழுந்துவிட்டன. போர்வைக்காரம்மாவின் மோதிரவிரல் மட்டும் மடங்கியபடியே அடம்பிடித்தது. இடது கையால் பிடித்து இழுத்தாள். 'டக்' என்று நிமிர்ந்தது. உயிர் போய் உயிர் வந்தது.

"என்ன சத்தம்?" என்றார் பக்கத்தில் படுத்திருந்த கணவர்.

"கட்டில் சத்தம். நீங்க தூங்குங்க."

அவரிடம் சொன்னால் கதை கந்தல்தான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சட்டென்று பிரேக் போட்டுத்தான் பழக்கம். தையல் ஊசியைப் பிடுங்கி ஒளித்துவைத்துவிட்டு, நிறைமாதமாக இருக்கும் மகளுக்கும் போன் போட்டுவிடுவார். அவள், "போர்வையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அழுவாள். பிறக்கப்போகும் பேரக்குழந்தையைத் தன் கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையில்தான் முதலில் சுற்ற வேண்டும் என்பது இந்தம்மாவின் வைராக்கியம். துண்டுத் துணிகளை மூட்டியாகிவிட்டது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் நூலோட்டம்தான் பாக்கி.

விரல் மடங்காமலிருக்க ஐஸ் குச்சியை வைத்துக் கட்டிக்கொண்டாள்.

"அது என்ன கையில?"

"புதுத் தையல் முறை. இப்ப எல்லாரும் இப்படித்தான் தைக்கறாங்க."

"அப்படியா! தைச்சுக் காட்டேன், பாப்போம்."

காட்டினாள். போர்வையோடு மேசை விரிப்பையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். அவர் ஆசையாகப் போர்வையைத் தூக்க, டீ கோப்பை தரையில் விழுந்து தூளானது.

குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு நூலை வெட்டினாள். விரல், கத்தரிக்கோல் வளையத்துக்குள்ளேயே பூட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி. கத்தரியும் கையுமாகக் கதவைத் திறந்தாள்.

கூரியர்காரர் படியிலிருந்து பின்வாங்கினார். "அம்மா, பார்சலை இங்கயே வச்சுடறேன். கையெழுத்தெல்லாம் வேணாம்!"

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தையல்தான் மானத்தை வாங்கியது. காலையில் ஒழுங்காகத் தைத்ததாகத்தான் நினைப்பு. பகல் தூக்கம் முடிந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், வரிசை பாதியிலிருந்து கோணல்மாணலாக ஓடியிருக்கும். ஒரு தையல் அரிசி அளவு, அடுத்தது விரல் நீளம். இவ்வளவு தூரம் எப்போது தைத்தோம் என்பதுகூட நினைவில்லை. கைதான் போயிற்று, புத்தியுமா போய்விட்டது?

யாரும் பார்க்கும்முன் பிரித்துவிடுவாள். பிரிக்கப் பிரிக்க விரல் வீங்கும். வீங்கிய விரலோடு மறுநாள் தைப்பாள். மறுநாளும் அதே கோணல். போர்வை ஓரங்குலம் நகரவில்லை.

"முகமே வாடிக் கெடக்கு. சாப்ட்டாச்சுன்னா போய்ப் படு" என்று கணவர் தினமும் விரட்டினார். இந்த மனுஷனுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் அழுதுகொண்டே படுத்தாள்.

கடைசியில் ஒருநாள், நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனை டாக்டரிடம் போனாள். டாக்டர் விரலை மடக்கி நிமிர்த்திப் பார்த்தார்.

"ட்ரிகர் ஃபிங்கர்மா. ஓர் ஊசி போட்டு, கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு குடுத்தா சரியாயிடும்."

"விரல் சரியாயிடும் டாக்டர். என் தையல்?" அடக்கிவைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை வருஷம் கோடு போட்ட மாதிரி தைச்ச கை! இப்பப் போர்வையைப் பாத்தா கோழி கிளறின மாதிரி இருக்கு. நான்தான் தைச்சேன்னு எனக்கே நம்ப முடியலை. என் பேரப்பிள்ளைக்கு இனிமே எப்படித் தைப்பேன்?"

ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"போர்வையா? நேத்து ஒரு டிரைவர் ஐயா, பத்து விரல்லயும் ஊசிக் குத்தோட வந்தாரும்மா. 'வீட்டுக்காரி கை வலியை மறைக்கறா சிஸ்டர். அவ தூங்கறப்ப நான்தான் தைச்சு வைக்கறேன், அத்தனையும் கோணல், தினமும் உக்காந்து பிரிக்கறா, ஆனா ஒரு வார்த்தை குத்திக் காட்டினதில்ல, தங்கமானவ'ன்னு சொல்லி, உங்களை மாதிரியேதான் அழுதார்!"