வெள்ளை சாக்ஸ் போட்ட பெரியவர்

அரசாங்க வேலையில் சேருகிறவனுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்: எதிரில் நிற்பது யார் என்று நன்றாகப் பார்த்துக்கொள், அப்புறம் வாயைத் திற. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது. அன்றைக்கு இருந்த பனிமூட்டத்தில் என் கையே எனக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் கொடைக்கானலுக்கு நூலகராகப் போனேன். சொந்த ஊர் மலையடிவாரத்துக் கன்னிவாடி. பிறந்ததிலிருந்து மேற்கே அந்த மலையைப் பார்த்தபடிதான் பல் தேய்த்திருக்கிறேன். அதன் மேல் ஏறிப்போய் உட்காரச் சொல்லிச் சம்பளமும் கொடுப்பார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை. போன புதிதில் திறந்த வாயை மூடாமலே திரிந்தேன். (உள்ளே குளிர் போய்ப் பல் கூசியதுதான் மிச்சம்.) ஊரில் மாடு திரிவதுபோல இங்கே தெருவில் குதிரை திரிந்தது. நூலகத்தின் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வரும். மேசையைச் சுற்றும், அலமாரிகளை ஒரு பார்வை பார்க்கும், எதையும் எடுக்காமல் வாசல் வழியாக வெளியே போய்விடும். முதல் முறை வந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். உதவியாளர் சவரிமுத்துதான், "உக்காருங்க சார், அது மெம்பர் இல்ல" என்றார்.

வட்டக்கானல் போகிற பாதையில், தகரக் கூரை போட்ட வாடகைக் கட்டடம் எங்கள் நூலகம். பின்பக்கம் ஒரு புல்சரிவு, அதற்குக் கீழே சோலைக்காடு. வாசகர்கள் நிறைய வருவார்கள். ஆனால் புத்தகத்துக்கு அல்ல, சவரிமுத்து மூட்டி வைக்கும் கணப்புச் சட்டிக்கு. அதைச் சுற்றி உட்கார்ந்து, மரியாதைக்கு ஆளுக்கொரு செய்தித்தாளை மடியில் விரித்துக்கொள்வார்கள்.

புத்தகத்தை உண்மையில் விடாமல் வாசித்தது பூசணம் ஒன்றுதான். மலையின் ஈரத்தில் அட்டைகளில் பச்சையாகப் பூத்துவிடும். பாச்சை உருண்டை போட்டுப் பார்த்தேன், உருண்டையிலேயே பூத்தது. வெயில் அடிக்கிற நாளில் எல்லாவற்றையும் அள்ளிப்போய்ப் புல்லில் விரித்துக் காயவைப்பது ஒன்றே வழி. சமவெளியில் வற்றலும் வடகமும் காயப்போடுவார்கள், நாங்கள் இலக்கியத்தைக் காயப்போட்டோம்.

இதற்கிடையில் எனக்கு ஒரு பெரிய நெருக்கடி. தகுதிகாண் பருவம் முடியப்போகிறது. மதுரையிலிருந்து மேலதிகாரி வந்து நூலகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் மாமா மகள் மரகதம் எனக்கு. மாமா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஏலே, ஒன் வேல பெர்மனென்ட்டுனு பேப்பரைக் கொண்டா, பொண்ணைக் கூட்டிட்டுப் போ. இல்லையா, திண்டுக்கல்லுல பூட்டுக் கடைக்காரர் மகன் கேட்டுக்கிட்டுக் கெடக்கான்." பூட்டுக் கடைக்காரர் மகனை நான் பார்த்ததில்லை. ஆனால் தினமும் ராத்திரி கனவில் வந்து சாவியை ஆட்டிவிட்டுப் போவான்.

வருகிற அதிகாரியைப் பற்றி மாவட்டம் முழுக்க ஒரே பேச்சு. நல்ல உயரம், நல்ல அகலம். பேசவே மாட்டார். எது சொன்னாலும் மூக்கால் "ஹூம்" என்பார். அந்த ஒரு "ஹூம்"மிலிருந்து இடமாற்றமா, பதவி உயர்வா, விளக்கம் கேட்டுக் கடிதமா என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். பதினோரு மணி பஸ்ஸில் வருவதாகத் தகவல். பல நாள் தூறலுக்குப் பிறகு அன்று காலையில் சுள்ளென்று வெயில் அடித்தது. ஆசை யாரை விட்டது? அவர் வருவதற்குள் காயவைத்து எடுத்து அடுக்கிவிடலாம் என்று நானும் சவரிமுத்துவும் புத்தகங்களைச் சரிவில் பரப்பினோம். அதையும் சும்மா பரப்பவில்லை. புதிதாகப் படித்துவிட்டு வந்தவன் அல்லவா, பகுப்பு எண் வரிசைப்படி பரப்பினேன். மேலே தத்துவம், நடுவில் மருத்துவம், கீழே வரலாறும் இலக்கியமும்.

"மாடு மேயுற எடத்துல எதுக்கு சார் நம்பரு?" என்றார் சவரிமுத்து.

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல சவரிமுத்து?"

கடைசி வரிசையை வைத்து நிமிர்ந்தால், கட்டடத்துக்கு முன்னால் ஜீப் சத்தம். உள்ளே ஓடினோம். யாருடைய ஜீப்பிலோ இடம் கிடைத்து ஐயா வெள்ளனே வந்துவிட்டார். ஒரு பெரிய கறுப்புக் கம்பளியைக் கழுத்திலிருந்து முழங்கால் வரை போர்த்தியிருந்தார். தலையில் மங்கி குல்லா. குளிருக்குப் பயந்து பேன்ட்டுக்கு மேலேயே முழங்கால் வரை வெள்ளைக் கம்பளி சாக்ஸை இழுத்துவிட்டிருந்தார். காலியாக நின்ற அலமாரிகளைப் பார்த்தார். ஜன்னல் வழியாகப் புல்லில் கிடந்த நூலகத்தைப் பார்த்தார்.

"ஹூம்" என்றார்.

எனக்கு அது பூட்டுக் கடைச் சாவி திரும்புகிற சத்தமாகக் கேட்டது.

"வெரசா எடுத்து அடுக்கிடுறேன் சார். நீங்க கணப்புகிட்ட உக்காருங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சரிவுக்கு ஓடினேன். சவரிமுத்து பின்னாலேயே வந்தார். அப்போதுதான் அது தொடங்கியது.

மூட்டம் இறங்குவதை அதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது இறங்கவில்லை, கீழே சோலையிலிருந்து ஏறி வந்தது. மரங்களின் நுனிகள் முதலில் மிதந்தன, பிறகு காணாமல் போயின. இலக்கியம் மறைந்தது. வரலாறு மறைந்தது. ஏதோ ஒரு பெரிய கை உலகத்தை வரிசை வரிசையாகத் துடைத்துக்கொண்டு என்னை நோக்கி வருவதுபோல இருந்தது. ஓடி ஓடி எடுக்கவேண்டிய நேரத்தில் கையில் ஒரு புத்தகத்தோடு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பயமும் இல்லை, அவசரமும் இல்லை. வேலை, கல்யாணம் எல்லாம் ஒரு நிமிஷம் அடங்கிப்போய், இவ்வளவு வெள்ளையை உண்டாக்க எத்தனை தண்ணீர் வேண்டியிருக்கும் என்று யோசித்தேன்.

"சார், நனையுது சார்!" என்று கத்திவிட்டுச் சவரிமுத்து ஒரு புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு மூட்டத்துக்குள் போனார். போனவர் வரவேயில்லை.

நான் தரையில் முழங்கால் போட்டுத் தடவித் தடவிப் பொறுக்கினேன். கைக்குக் கிடைத்தது புத்தகமா, கல்லா, சாணியா என்று எடுத்து மோந்து பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டியிருந்தது. மருத்துவ வரிசைக்கு வந்திருப்பேன். எனக்கு எதிரே, நெருக்கத்தில், ஒரு பெருமூச்சு.

"ஹூம்."

தலையைத் தூக்கினேன். வெள்ளைக்குள் கறுப்பாக ஒரு பெரிய உருவம். கம்பளி. தரையோடு குனிந்து பார்த்தேன். முழங்கால் வரை வெள்ளை சாக்ஸ். ஐயா நேரிலேயே பார்வையிட வந்துவிட்டார். சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு வெள்ளை சாக்ஸ் தெரிந்தன. சரி, கூட வேறொரு அதிகாரியும் வந்திருக்கிறார் என்று நினைத்து, "வாங்க சார்" என்று அவருக்கும் தனியாக ஒரு வணக்கம் வைத்தேன்.

"சார், இது... புத்தகத்துக்கு வெயில் காட்டுறது சார். ஒரு விஞ்ஞான முறை."

"ஹூம்."

"வெயில் இருந்துச்சு சார். நீங்க வர்ற வரைக்கும் இருந்துச்சு. நீங்க வந்ததும் போயிருச்சுன்னு சொல்ல வரல சார்..."

ஏதோ மெல்லுகிற சத்தம் கேட்டது. (வெற்றிலை போடுவார் போலிருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன். நாளைக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம்.)

"வாசகர்கள் நெறைய வர்றாங்க சார். கூட்டம் தாங்கல."

"ஹூம்ம்."

அந்த இழுப்பில் ஒரு சந்தேகம் இருந்தது. நான் உடைந்துபோனேன். "உண்மையச் சொல்லிடுறேன் சார். கணப்புக்குத்தான் வர்றாங்க. அதுல ஒருத்தர் பேப்பரைத் தலைகீழாத்தான் வச்சிருப்பாரு. ஆனா ஒருநாள் இல்ல ஒருநாள் நேராப் பிடிப்பாரு சார், எனக்கு நம்பிக்கை இருக்கு."

உருவம் ஓர் அடி முன்னால் வந்தது. தரை லேசாக அதிர்ந்தது. பெரிய மனிதர்கள் நடந்தால் பூமி அதிரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

"சார், மாமா மக சார். பேரு மரகதம். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் பொண்ணு, இல்லன்னா பூட்டுக் கடைக்காரனுக்குக் குடுத்துருவாங்க. சின்ன வயசுலருந்து நெனச்சுக்கிட்டிருக்கேன் சார். அவகிட்டக்கூட இன்னும் சொல்லல, ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

அவர் மென்றுகொண்டே இருந்தார். இனி என்ன மிச்சம் இருக்கிறது? கண்ணை இறுக மூடிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தேன்.

என் பிடரியில் சூடாக ஒரு காற்று பட்டது. பச்சைப்புல் வாடை. தலையிலிருந்த குல்லா தானாகக் கழன்று மேலே போனது. ஐயா என்னைத் தொட்டுத் தூக்குகிறார் என்று நெகிழ்ந்து கண்ணைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து மூட்டம் ஒரு பக்கம் விலகியது.

என்னை மூடிக்கொண்டு ஒரு காட்டுமாடு நின்றது. மாடு என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அது ஒரு மலைத்துண்டு. தோள் மேல் ஒரு திமில் ஓடி முதுகாக இறங்கியது. கொம்புகள் இரண்டும் வளைந்து, நுனியில் கறுத்து, அதில் பனிநீர் சொட்டியது. நெற்றியில் சாம்பல் நிற மயிர். முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களும் சுத்தமான வெள்ளை. வாயில் என் குல்லா. அது என்னைப் பார்த்தது. அந்தக் கண்ணில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. இந்த மலை என்னைப் பார்த்தால் எப்படிப் பார்க்குமோ அப்படி ஒரு பார்வை. உலகத்தில் உள்ள அத்தனையையும் பத்துப் பகுப்பு எண்களுக்குள் பிரித்து அடுக்கிவிடலாம் என்று பரீட்சை எழுதித் தேறியவன் நான். இதற்கு எந்த எண்ணும் இல்லை என்று அந்த ஈரப் புல்லில் கிடந்தபடி எனக்குப் புரிந்தது. ஓடவேண்டும் என்று தோன்றவில்லை. கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது, அதைப் பிரிக்கவும் மனம் வரவில்லை.

அது குல்லாவைக் கீழே போட்டது. பக்கத்தில் கிடந்த ஒரு மருத்துவ நூலின் முதுகை நீளமான நாக்கால் ஒரு முறை நக்கியது. பைண்டிங் பசை பிடிக்கவில்லை போல. பிறகு திரும்பி, வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் நடுவே விட்டிருந்த சந்தில் மெதுவாக இறங்கிச் சோலைக்குள் போனது. ஒரு புத்தகத்தையும் அது மிதிக்கவில்லை. பத்துப் பதினைந்து புத்தகங்களில் தடம் இருந்தது. எல்லாம் என் செருப்பும் சவரிமுத்துவின் செருப்பும்.

தட்டுத்தடுமாறி நூலகத்துக்கு ஓடினால், கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன்.

"போயிருச்சா?" என்றது சவரிமுத்துவின் குரல்.

"போயிருச்சு. தெறங்க!"

"நல்லாத் தெரியுமா சார்?"

கதவு திறந்தது. சவரிமுத்து மேசைக்குப் பின்னால் பாய்ந்தார். மேலதிகாரி ஜன்னலருகே ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். ஜன்னல் பாதி திறந்திருந்தது. சரிவில் நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் அந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்திருக்கிறது என்பது அவர் முகத்திலிருந்தே தெரிந்தது.

"ஏன் சவரிமுத்து, ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?"

"கட்டத் தூக்கிட்டு வரும்போதே அதப் பாத்துட்டேன் சார். கத்துனா அது மெரண்டு ஒங்கள முட்டிரும்னு அய்யாதான் சைகையில வேணாம்னாரு. நீங்களும் நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தீங்க."

எனக்கு அழுகை வந்தது. வேலை போயிற்று, மரகதமும் போனாள், பாதி நூலகம் வெளியே நனைந்துகொண்டிருக்கிறது. தலையைக் குனிந்து நின்றேன். ஐயா மெதுவாக நாற்காலியிலிருந்து இறங்கினார். கம்பளிக்குள் கையை விட்டுப் பேனாவை எடுத்தார். அவர் வாயிலிருந்து சொற்கள் வந்ததை நானும் சவரிமுத்துவும் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டோம்.

"அவரு என்னய்யா சொன்னாரு?"

"யாரு சார்?"

"அதான், ஒங்க அதிகாரி. கையெழுத்துப் போடுறேன்னாரா?"

நான் முழித்தேன். "ஒண்ணும் சொல்லல சார்."

"மறுத்தாரா?"

"இல்ல சார்."

"அவ்வளவு பெரிய ஆளே மறுக்கல. நான் யாருய்யா மறுக்க?" என்று சொல்லிவிட்டு, என் வேலையை நிரந்தரமாக்கும் தாளை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஜன்னலுக்குப் போய் வெகுநேரம் சோலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன அழகு!" என்றார், யாரிடமும் சொல்லாத குரலில். சாயந்திரம் வரை நாங்கள் மூவரும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து நனைந்த பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் காயவைத்தோம்.

கதை எனக்கு முன்னால் மலையிறங்கிவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு நான் கன்னிவாடிக்குப் போனபோது மாமா வீட்டு வாசலிலேயே மரகதம் நின்றாள். "மாட்டுக்கிட்டச் சொல்லத் தெரியுது, என்கிட்டச் சொல்லத் தெரியலையாக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்குப் பத்திரிகை அடித்தாலும், அச்சகத்துக்குக் கிளம்பும்போது மரகதம் தவறாமல் கேட்பாள், "சோலைக்காட்டுப் பெரியவர் பேரைப் போட்டாச்சா? அவர் ஆசீர்வாதத்துலதான் இந்தக் குடும்பமே நடக்குது." சின்ன மகள் கல்யாணத்துக்கு அவளும் கூடவே வந்துவிட்டாள். அச்சகத்துப் பையன் முன்னாலேயே அதே கேள்வியைக் கேட்டாள். பையன் பென்சிலை எடுத்துக்கொண்டு பொறுப்பாக நிமிர்ந்தான்.

"பேரும் இனிஷியலும் சொல்லுங்கய்யா, மேலேயே போட்டுருவோம். இருக்காருங்களா, இல்ல லேட்டுனு போடணுமா?"

மரகதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. அச்சகத்து வாசலிலிருந்து பார்த்தால் மலை தெரியும். அன்றைக்குப் பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது.

"தெரியலப்பா" என்றேன். "நான் பாக்கும்போதே நல்ல வயசு."