பேர் இல்லாத பொடி

கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. ஒரு நல்ல மனுஷன் பேரு காணாமப் போன கதை சொல்றேன்.

மகிழினி கையில் முப்பது ரசீது. வாங்குகிறவர் பேர், தெரு, எண்ணிக்கை எல்லாம் இருந்தன. பொருளின் பேர் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இளித்தது.

காசிமேட்டில் அவள் அப்பா லோகநாதன் மீன்குழம்புக் கடை வைத்திருந்தார். விடியலில் படகிலிருந்து இறங்குகிறவர்கள் ஈரக் கைலியோடு வரிசையில் நிற்பார்கள். அவர் போனார், கடையும் போயிற்று. அந்த ருசியாவது இருக்கட்டுமென்று மகள் கல்மண்டபத்து வீட்டில் பொடி அரைத்து ஆன்லைனில் விற்றாள். முதல் வருஷ நினைவு நாளன்று எல்லாவற்றுக்கும் அவர் பேரையே சூட்டினாள்: லோகநாதன் குழம்புப் பொடி, லோகநாதன் சாம்பார்ப் பொடி, லோகநாதன் கருவாட்டுத் தொக்கு.

போனில் வரும் ஆர்டர் அம்மா மலர்க்கொடியின் பொறுப்பு. கண் மங்கல் என்பதால் மைக்கை அழுத்திச் சொல்வாள், மென்பொருள் எழுதிக்கொள்ளும். பொருளின் பேரை முழுசாகச் சொன்னால்தான் ஏற்கும்.

"எம்மா, இந்த முப்பதும் இன்னா பொடி?"

"ஒரு நாளைக்கு முப்பது போன் வருது. எனுக்கு இன்னா நெனப்பு கீது?"

மென்பொருள் செய்து கொடுத்த ஃபர்ஹான் ஓடி வந்தான். "காலியா இருந்தா முன்னாடி ஆர்டர் பேரே தானா வுழுற மாரி வெச்சிட்டேன்க்கா."

விழுந்தது. சாம்பார்ப் பொடி கேட்ட வீட்டுக்கும் கருவாட்டுத் தொக்கு போய் இறங்கியது.

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா வூடே நாறுது! யாருமா அந்த லோகநாதன்?" என்று ஒரு அம்மாள் போனில் கத்தினாள்.

மகிழினி மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்தாள். அப்பாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"இனிமே காலியா இருந்தா ஆர்டரையே வாங்காது" என்றான் ஃபர்ஹான்.

வாங்கவில்லை. இரண்டு நாள் போன் ஆர்டர் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அப்பா பேரை எடுத்துவிடலாமா என்று அவள் கண்ணைத் துடைத்தபோது போன் அடித்தது. கப்பல் சமையல்காரர் பாஸ்கல்.

"மகிழு, நாப்பது குழம்புப் பொடி எங்கம்மா? காத்தால எண்ணூர்ல கப்பல் கெளம்புது. ஆறு மாசம் தண்ணிலதான். உங்கப்பன் சட்டிய மோந்து பாத்துதான் நான் சமைக்கவே கத்துக்கினேன். முந்தாநாளே உங்கம்மா கைல சொன்னேனே!"

பொடியைக் கட்டி ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, மகிழினி அம்மாவிடம் போனை நீட்டினாள். "இப்ப என் எதிர்லயே சொல்லு."

மலர்க்கொடி மைக்கை அழுத்தினாள். "பாஸ்கலு... எண்ணூரு... நாப்பது பாக்கெட்டு..."

நின்றுவிட்டாள். முந்தானை வாய்க்குப் போயிற்று. கன்னம் சிவந்தது.

"ஆன்ட்டி, பேரு! பேரச் சொல்லுங்க!" என்றான் பக்கத்தில் நின்ற ஃபர்ஹான்.

"போடா! முப்பது வருசம் வாயத் தொறந்து சொன்னதில்ல. கட்டினவரு பேர இந்த டப்பா கேட்டா சொல்லிருவனா?"

உங்க வீட்டு அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டே இருக்கட்டும், கண்ணுங்களா. சொல்லக் கூசுற அளவுக்குப் பிரியமான பேரு ஒண்ணாவது உங்க வீட்ல நிலைக்கட்டும்.