ஒட்சிசனாரின் மீசை

சூரியனுக்கே கணக்கெழுதிய கிளாக்கர் உலகத்தில் ஒருவர்தான். அவர் திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் எனக்கு அடுத்த கதிரையில் இருந்தார். சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. ஒட்சிசனார் என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

பிஸ்கற் வந்த தகர ரின் ஒன்றின் ஒரு முனையில் இரண்டு சவர பிளேட்டுகளை மயிரிழை இடைவெளியில் ஒட்டியிருந்தார். மறுமுனையில், வெள்ளைக்கார நேவி கைவிட்டுப்போன பைனாக்குலரின் முப்பட்டைக் கண்ணாடி. வெயில் விழும் வெள்ளைக் கடதாசியை அதற்குள்ளால் பார்த்தால் வானவில் விரியும், நடுநடுவே கறுப்புக் கோடுகளும் தெரியும்.

"சிவப்புப் பக்கத்துக் கோடு ஒட்சிசன்ர, அதுதான் பிராணவாயுவின்ர. கோடு கறுக்கக் கறுக்க ஒட்சிசன் கூட. நட்சத்திரங்களையும் இப்பிடித்தான் அளக்கிறவை. சூரியனும் ஒரு நட்சத்திரம்தானே" என்பார். பெரிய கிளாக்கர் ஃபைல் கேட்டால், "பொறுங்கோ சேர், முகில் விலகட்டும்" என்று பதில் வரும்.

ஒருநாள் ஓர்ஸ் ஹில் மேட்டில் இருந்து ஓட்டமாக வந்தார். மத்தியானம் மெலிந்திருந்த கோடு பின்னேரம் தடித்துவிட்டதாம்.

"பொழுதுபட சூரியனில ஒட்சிசன் கூடுது. பேப்பருக்கு எழுதப்போறன்."

"காலமையில?" என்று கேட்டார் கிண்ணியாவில் இருந்து வேலைக்கு வரும் கபூர் நானா.

"காலமையும் கூடத்தான்."

"அப்ப மத்தியானம் மட்டும் சாப்பாட்டுக்குப் போகுதாக்கும்."

கந்தோரே சிரித்தது. ஒட்சிசனாருக்கு மூக்குக்கு மேலே கோபம். "நான் சொன்னது பிழையெண்டா இந்த மீசையை வழிக்கிறன்" என்றார். அது சின்னப் பேச்சில்லை. முதலில் மீசை வரும், பிறகுதான் அவர் வருவார். அதைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள் என்று அவரே சொல்வார்.

பேப்பருக்கு எழுதுமுன் சரிபார்க்க, கொழும்பிலிருந்து புதுப் புத்தகம் ஒன்று எடுப்பித்தார். அது வந்த மறுநாள் வாசல் காவலாளி யாரோ ஒருவரை மறித்து, "ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஐயோ, மீசையில்லாத ஒட்சிசனார்.

உள்ளே வந்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "அந்தக் கோடு சூரியன்ர இல்ல. இடையில கிடக்கிற எங்கட காத்தின்ர. பின்னேர வெளிச்சம் சரிஞ்சு, கூடக் காத்துக்குள்ளால வருது. அதுதான் கோடு தடிக்குது. நான் இவ்வளவு காலமும் அளந்தது திருகோணமலைக் காத்தை."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"சொல்லாமல் விட்டிருந்தா எங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்றார் கபூர் நானா.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே, நானா."

ரின்னில் ஒரு பிளேட்டைக் காணவில்லை. கையில் இருந்த அதாலேயே வழித்திருக்கிறார் மனுசன். மத்தியானம் நானா கடைக்குப் போய்ப் புது பிளேட் வாங்கி வந்து அவர் மேசையில் வைத்தார்.

"இது ரின்னுக்கு மட்டும். மீசை வளரட்டும்."

அன்று பின்னேரம் கந்தோர் முழுவதும் ஓர்ஸ் ஹில்லில் வரிசையாக நின்று, நாங்கள் மூச்சுவிடும் காற்றின் கோட்டைப் பார்த்தோம். எனக்கு மீசையில்லாத அந்த வெறும் முகம்தான் மிகவும் பிடித்தது.