அக்கா காதில் பாதி விழுந்த பதவி

அன்பு, அறிவு, அடக்கம் மூன்றும் ஒருங்கே வாய்த்த (முதல் இரண்டும் தாய்மாமன் வழி வந்தவை) என் அருமை மருமகளுக்கு, மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் முழங்கால்கள் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் அக்காவும் உன் அப்பாவும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்று கிடைத்தது. போன் போட்டால் மாமா எடுப்பதே இல்லை என்று குறைப்பட்டிருக்கிறாய். பெரிய பொறுப்பில் இருப்பவனுக்குக் கை ஓயாது, கண்ணு. கடிதத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என் வேகத்துக்குப் படிக்க ஆளே கிடையாது, வாத்தியாரே "எங்கடா படிச்சே, காட்டு?" என்று திகைப்பார். "இருபதாம் தேதி திங்கட்கிழமை காலையில உங்க ஆபீசுக்கு வர்றேன் மாமா, நீங்க எனக்கு ஒரு உதவி செய்யணும்" என்று முடித்திருக்கிறாய். புரிந்துவிட்டது. வீடு வரைகிற படிப்பை முடித்துவிட்டாய், மாமா ஒரு கம்பெனியில் இயக்குநர், ஒரு வார்த்தை சொன்னால் வேலை. நியாயம்தான். ஆனால் இருபதாம் தேதி வராதே.

ஏன் என்றால், அன்றைக்குக் கட்டிடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், உனக்குச் சின்ன வயதிலிருந்தே தும்மல். தவிர, அன்றைக்கு நான் வெளிநாடு போகிறேன். போகாவிட்டாலும் எனக்குக் காய்ச்சலாக இருக்கும், இப்போதே உடம்பு கதகதவென்றுதான் இருக்கிறது. அடுத்த திங்களும் வராதே, அன்றைக்கும் சுண்ணாம்பு. பெரிய கட்டிடம்.

என் செல்வாக்கில் நீ சந்தேகப்பட வேண்டாம். நான் இல்லாமல் இந்தக் கம்பெனியில் ஒருவன் மேலே வர முடியாது. முதலாளியையே உயர்த்திவிட்டவன் நான், சாயங்காலம் அவரை இறக்கிவிடுபவனும் நான்தான். முப்பத்தொரு வருடமாக என் கைக்குத் தெரியாமல் இங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒருநாள் நான் வரவில்லை என்றால் மேனேஜர்கள் எல்லாம் கீழேயே நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். எழுதியதைத் திரும்பப் படித்தால் ஒன்றுகூடப் பொய் இல்லை, ஒன்றுகூட உண்மையும் இல்லை. எப்படியும் ஒருநாள் நீ வந்து நிற்கத்தான் போகிறாய். சொல்லிவிடுகிறேன். மருமகளே, நான் லிஃப்ட் ஓட்டுகிறேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் ஆரம்பிக்கவில்லை. வேலை கிடைத்தபோது கொடுத்த உத்தரவில் 'மின்தூக்கி இயக்குநர்' என்று கொட்டை எழுத்தில்தான் இருந்தது. பத்தாயிரம் பேரில் என்னைப் பொறுக்கி எடுத்தார்கள். (பத்தாயிரம் இல்லை, நான்கு பேர். மற்ற மூன்று பேருக்கு முதுகுவலி.) உடனே பொதுத் தொலைபேசியில் அக்காவைக் கூப்பிட்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கூட்டிப் படித்தேன். லைன் கரகரவென்று ஒரே இரைச்சல். அக்கா காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. "இயக்குநரா! என் தம்பி இயக்குநராம்!" என்று அவள் அந்தப் பக்கம் போட்ட சத்தத்தில் என் பக்கத்துப் பெட்டியில் பேசிக்கொண்டிருந்தவர்கூட எனக்குக் கைகொடுத்தார். அடுத்த போனில் திருத்திவிடலாம் என்று இருந்தேன். அடுத்த போனுக்குள் அவள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்த பட்டையில் 'இயக்குனர்' என்று ரெண்டு சுழி ன போட்டிருக்கிறது, உத்தரவிலோ வேறு ந. எது சரி என்று இதுவரை எனக்குத் தெரியாது. எப்படி எழுதினாலும் நான் பிழையாகவே இருக்கிறேன்.

அக்காவிடம் ஏன் திருத்தவில்லை என்று கேட்பாய். உன் அம்மா டீச்சராக வேண்டும் என்று இருந்தவள். வீட்டுக் கதவில் கரித்துண்டால் கணக்குப் போட்டு, எதிரில் என்னை ஒருவனையே நாற்பது பிள்ளைகளாக உட்கார வைத்துப் பாடம் நடத்துவாள். எனக்குப் பைலட் ஆசை. கிழிந்த சட்டைகளில் இருந்து பட்டன்களை அறுத்து ஓர் அட்டையில் வரிசையாகத் தைத்துக் கொடுத்தாள், அதுதான் என் விமானம். பாடம் முடிந்ததும் டீச்சரே பயணியாகிவிடுவாள். "பைலட் சார், மேலே போக எந்த பட்டன்?" என்று கேட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். நான் அமுக்குவேன். அவள் நிஜமாகவே பறந்தாள் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அப்புறம் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்று அப்பா சொன்னபோது, எட்டாவதோடு அவளாக நின்றுகொண்டாள். "அவன் படிக்கட்டும்பா, அவன்தான் மேலே போறவன்." நான் பத்தாவதை மூன்று முறை எழுதினேன். அவ்வளவு ஆழமாகப் படித்தவர்கள் குறைவு. மூன்று முறையும் அது என்னைத் தேற விடவில்லை. அவள் இன்றும் அந்த ஆயத்த ஆடைக் கூடத்தில் நாளுக்கு நானூறு சட்டைக்குப் பட்டன் வைக்கிறாள். அவள் விட்டுக்கொடுத்த படிப்புக்குத் திருப்பிக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் எப்படிப் பிடுங்குவேன்? அதனால்தான் வீட்டுக்கு வருவதையே நிறுத்தினேன். உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது நீ மூன்றாம் வகுப்பு. "பெரியவளானதும் மாமா மாதிரி இயக்குநர் ஆவேன்" என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதி எடுத்து வந்து காட்டினாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே என் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரும்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்துகிற பழைய லிஃப்ட். நான் முக்காலியில் பட்டன்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன், ஆட்கள் முதுகுக்குப் பின்னால். என்னோடு மனிதர்கள் பேசுவதெல்லாம் எண்கள்தான். "மூணு." "ஏழு." ஒருமுறை நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் கரண்ட் போய் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. உள்ளே முதலாளி, டீ கொண்டுவரும் அம்மா, நான். முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. அவரைப் பேச வைப்பதற்காக, சின்ன வயதில் என்னவாக ஆசைப்பட்டீர்கள் என்று கேட்டேன்.

"ரயில் ஓட்டணும்னு," என்றார் அவர், கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு. "எங்கப்பா இந்த நாற்காலில உக்கார வெச்சிட்டாரு."

"நான் போலீசு ஆகணும்னு கெடந்தேன் சார்," என்றாள் டீக்கார அம்மா. "இப்ப டம்ளர் திருடுறவங்களைத்தான் புடிக்கிறேன். நாலாவது மாடில ரெண்டு பேரு இருக்காங்க, பேரு சொல்லட்டுமா?"

முதலாளி சிரித்தேவிட்டார். "நீங்க என்னய்யா?" என்று என் பக்கம் திரும்பினார்.

"பைலட் சார்."

"அப்பறம் என்ன, ஆயிட்டீங்களே! நடுவானத்துலதானே நிக்கிறோம்!"

மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எனக்கு வந்த நீர் கொஞ்சம் தாமதமாக நின்றது. மறுநாள் காலை முதலாளி ஏறினார். நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். "ஒன்பது," என்றார்.

ஆகவே, மருமகளே, உன் மாமாவால் உன்னை ஒன்பதாவது மாடி வரை கொண்டுபோய் விட முடியும், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நீ வராதே. வந்தால் அக்கா "எப்படி இருந்துச்சு மாமா ரூமு?" என்று கேட்பாள், உனக்குப் பொய் சொல்ல வராது, நீ உன் அப்பா ஜாடை. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை அக்காவிடம் மட்டும் சொல்லாதே. அவள் எனக்காக விட்டது வீண் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

நீ நினைத்த படியெல்லாம் ஏறி, ஏறிய இடத்திலேயே நிலைத்து, நூறு வயது இருக்க மாமாவின் ஆசீர்வாதம். அக்காவுக்கு என் வணக்கம், அத்தானுக்கு மரியாதை.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
இயக்குநர் (மின்தூக்கி)

பின்குறிப்பு: முகவரி எழுத உன் கடிதத்தை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கமும் எழுதியிருக்கிறாய். ஒரே மூச்சில் படித்தவன் இதைப் பார்க்கவில்லை. போன மாதமே இண்டர்வியூவுக்கு வந்தாயாம், என் பெட்டியில்தான் ஏறினாயாம். "ஆறு" என்றாயாம். நான் திரும்பாமலே "பாத்து எறங்கும்மா" என்றேனாம், அந்தக் குரலிலேயே நீ மாமாவைக் கண்டுகொண்டாயாம். தினம் ஆயிரம் பேர் ஏறுகிறார்கள், குரலை வைத்து எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும். வீடு வரையப் படித்தவளுக்கு, இங்கேயே ஆறாவது மாடியில் போனில் புகார் கேட்கிற வேலை கிடைத்திருக்கிறது. போகட்டும், இங்கே முதலாளிக்கே ரயில் கிடைக்கவில்லை. அக்காவிடம் போய்ச் சொன்னாயாம். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாய்: "தெரியும்டி. அன்னைக்கு லைன் நல்லாத்தான் இருந்துச்சு. முழுசாத்தான் கேட்டுச்சு. சொல்றப்போ அவன் குரல் உடைஞ்சுது, அதான் பாதியை நான் விட்டுட்டேன்."

முப்பத்தொரு வருடம்.

மேலே எழுதிய ஆறு பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, படித்துவிட்டு நீயே கிழித்துப் போடு. சுண்ணாம்பு எல்லாம் இல்லை. நீ கேட்ட உதவி இவ்வளவுதானா, முதல் நாள் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, மாமா கூட வர வேண்டும் என்று? திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிடு. முடிந்தால் அக்காவையும் கூட்டிக்கொண்டு வா, ஆறு வரை வந்துவிட்டுத் திரும்பட்டும். பட்டனை மட்டும் யாரும் தொட வேண்டாம். அவள் கேட்கட்டும், நான் அமுக்குகிறேன்.